மூன்றாம் மாடிப் பாலாறு

"சூச்சூ வருதா? வந்தா போயிரு ராசா. அடக்கக் கூடாது."

சொன்னது நான்தான். சந்தேகமே இல்லை. என் வாய், என் குரல், "ராசா"வில் வருகிற கோவில்பட்டி இழுவை உட்பட எல்லாம் என்னுடையதுதான். எதிரே நிற்பவர் சத்தியசீலன் சார். எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியின் டைரக்டர். திரைக்கு ஓரமாக நின்று, எல்லாரும் வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தவர், வாயைத் திறந்தபடியே நிற்கிறார். சொன்ன சொல் மேஜையின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து போய், சுவரில் முட்டி, திரும்பி வந்து என் மடியிலேயே உட்கார்ந்துகொண்டது. அறையில் இருக்கிற அத்தனை பேரும் தலையைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் திருப்பியிருக்கிறார்கள். ஏசி கூட ஒரு கணம் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. சிவப்புக் கோடு இருந்ததே. மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தானே பேசினேன். கோடு இருந்தால் ம்யூட். ம்யூட் என்றால் என் பேச்சு யாருக்கும் போகாது. ம்யூட் என்றால் பிள்ளையோடு பேசலாம். இத்தனை வருஷமாக இந்தக் கணக்கு ஒரு தடவை கூடத் தப்பினதில்லை. வீட்டில் இருந்து வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் குடித்தனம் நடத்தினேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் குக்கர், பால்காரர், "மூக்கை நோண்டாதே", கோட்டுக்கு அந்தப் பக்கம் "யெஸ் சார், ஷ்யூர் சார்". கோடு இருந்தது. இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

கோடு போனில் இருக்கிறது, மூதேவி. போன் மேஜைக்கு அடியில், உன் உள்ளங்கையில் இருக்கிறது. மீட்டிங் போனுக்குள் இல்லை, மீட்டிங் இந்த அறைக்குள் இருக்கிறது, நீ மீட்டிங்குக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய். இத்தனை முகத்துக்கும் நடுவில் எங்கே போய்க் கோடு கிழிப்பாய்? போனுக்குள் இருப்பது ஸ்டெல்லா மிஸ். மேடவாக்கம் டே கேரின் பாத்ரூம். அதில் கால்சட்டையை இறக்கிவிட்டு நிற்கிற என் மகன் அகரன். நாலு வயசு ஆகப் போகிறது. காலையிலிருந்து ஒரு சொட்டு போகவில்லை, வயிறு கல்லு மாதிரி இருக்குது, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போவான், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம் என்று மிஸ் கூப்பிட்டதும், முடிக்குள் மறைத்து வைத்திருக்கிற இயர்பட்டில் கேட்டுவிட்டு, "இதோ மிஸ், ஒரு நிமிஷம்" என்று வாய்க்குள்ளேயே முனகி, இந்த மீட்டிங் சத்தம் அங்கே போகாமல் இருக்க ம்யூட்டை அழுத்தினேன். சரியாகத்தான் அழுத்தினேன். அதற்கப்புறம்தான் மூளை பழைய தடத்தில் ஏறிவிட்டது. செக்கு மாட்டை அவிழ்த்துவிட்டாலும் அது வட்டமாகத்தான் நடக்கும் என்பார் அப்பா. கேட்க வேண்டியவனுக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாதவர் கேட்டுவிட்டார். அதிலும் கண்ணை எங்கே வைத்துக்கொண்டு சொன்னேன் பார். அவர் காலில். அவர் ரொம்ப நேரமாகவே வலது காலிலிருந்து இடது காலுக்கும், இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். முட்டியும் முட்டியும் உரச, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் இழுத்து. அந்த நிற்பு எனக்குத் தெரியும். கூட்டத்தில் எங்கே கண்டாலும் தெரியும். அகரன் அப்படித்தான் நிற்பான்.

"எந்திரிச்சு வெளியே போய் பேசியிருக்கலாமே" என்று நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள். எங்கே போவது? இந்த அறைக்குப் பெயர் பாலாறு. எங்கள் ஆபீசில் எல்லா மீட்டிங் ரூமுக்கும் ஆற்றுப் பெயர்தான். காவேரியில் ஜன்னல் உண்டு. வைகையில் காப்பி மிஷின் உண்டு. பாலாற்றில் ஒன்றும் கிடையாது, பேருக்கேற்ற மாதிரி ஒரு தண்ணீர் பாட்டில் கூட வைக்க மாட்டார்கள். ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒற்றைக் கதவோடு இருக்கும். திரையை ஒட்டின அந்தக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு சார் நிற்கிறார். ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டார்: "நோ போன். நோ பிரேக். ஒரு ரெண்டு மணி நேரம் ஒரு இடத்துல ஒழுங்கா உக்கார முடியாதவங்க, வீட்ல என்னத்த வேலை பாத்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்." கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சொன்னார், "கம்பெனிங்கறது ஒரு குடும்பம். குடும்பம்னா ஒரே வீட்ல இருக்கணும்." அதற்கும் சிரித்தோம். அப்புறம் சிரிக்காமல் சொன்னார், "வர முடியாதுன்னு சொல்றவங்கள வீட்டுக்கு அனுப்பிர வேண்டியதுதான்." அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்புவது. நான் கேட்டிருப்பதும் அதுதானே. பையனுக்கு இந்தப் பிரச்சனை சரியாகிற வரைக்கும் என்னை வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுங்கள் சார் என்று நான்தானே கேட்டிருக்கிறேன். இந்த மீட்டிங் முடிந்ததும் அவரே கூப்பிட்டுப் பதில் சொல்வதாகத்தானே ஏற்பாடு. எனக்கு வேண்டியதும் நான் பயப்படுவதும் ஒரே வார்த்தையாக இருக்கிறது. வீட்டுக்கு அனுப்புங்கள் சார். ஐயோ, வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள் சார். வீட்டுக்கு வாங்கின கடன் இருக்கிறது. "இன்னிக்கு ஒரு நாள் இருக்கிற இடம் தெரியாம உக்காந்துரு, ஏ பிள்ள" என்று பக்கத்து நாற்காலி ஜெபா காலையிலேயே சொன்னாள். "அவர் கண்ணுல படாத. படலேன்னாதான் மனுசன் இரக்கப்படுவார்." இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற லட்சணத்தைப் பார்.

காதுக்குள் ஸ்டெல்லா மிஸ் இன்னும் இருக்கிறார். பாத்ரூம் எதிரொலியோடு, "அம்மா பிஸியா இருக்காங்க கண்ணு, இரு, இப்பப் பேசுவாங்க." அவன் குரல், மூக்கடைத்த குரல்: "அம்மா ம்யூட்ல இருக்காங்க."

"ம்யூட்ல இருந்தா எப்பிடிடா பேசுவாங்க?"

"ம்யூட்லதான் மிஸ் பேசுவாங்க."

ஐயோ. எந்தக் கத்தி இது, எங்கே வைத்திருந்தான் இத்தனை நாள்? ம்யூட்லதான் பேசுவாங்க. அவனுக்குத் தெரிந்த உலகத்தில் அது நியாயம்தானே. அவன் நடக்கப் பழகினதும், பேசப் பழகினதும், சூச்சூ போக அந்த நீல நிற பிளாஸ்டிக் பேசினில் உட்காரப் பழகினதும் எல்லாம் என் மேஜைக்குப் பக்கத்தில்தான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அவன் பேசினில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நடுவில் நான் பொத்தானை அழுத்துவேன். டக். அந்தச் சத்தம் வந்ததும் அவன் முகம் விரியும். அதுதான் அம்மா அவன் பக்கம் வருகிற சத்தம். "சூச்சூ வருதா? போயிரு ராசா, ஸ்ஸ்ஸ்ஸ்." போவான். டக். "யெஸ் சார், ஐ ஆம் ஹியர் சார்." கோட்டுக்கு உள்ளே இருக்கிறவள் அம்மா. வெளியே போனால் ஆபீஸ். இப்படிப் பழக்கியது யார்? புத்தகத்தில் பார்த்தா பழக்கினேன்? இருந்த நேரத்தில், இருந்த இடத்தில் பழக்கினேன். இப்போது அவனுக்கு இந்த டக்கும் இந்தக் குரலும் இல்லாமல் வருவதில்லை. டே கேரில் ஆயா சொல்லிப் பார்த்தார், மிஸ் சொல்லிப் பார்த்தார், குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அதே கனத்தோடு திரும்பி வருகிறது. "ஏண்டா தண்ணி குடிக்கல?" என்று கேட்டதற்குச் சொன்னான்: "தண்ணி குடிச்சா சூச்சூ வரும்மா. சூச்சூ வந்தா அம்மா வேணும்." அதைக் கேட்ட அன்றைக்குச் சமையற்கட்டில் போய் மிக்சியை வெறுமனே ஓடவிட்டு அழுதேன். மிக்சியும் ஒரு ம்யூட்தான்.

போன மாசம் காய்ச்சல் வந்தது. டாக்டர் அவன் அடிவயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இப்படி அடக்கினால் இன்ஃபெக்ஷன் திரும்பத் திரும்ப வரும், கிட்னி வரைக்கும் போகும், விளையாட்டில்லை என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். என் புருஷன் முத்துவேலும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான், அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. முத்துவேலையும் அவன் ஆபீசில் கூப்பிட்டுவிட்டார்கள். அவனுக்கு அம்பத்தூர், எனக்கு சிறுசேரி. நடுவில் மேடவாக்கத்தில் வீடு, இரண்டு பேருக்குமே தொலைவு. ராத்திரிச் சாப்பாட்டில், "உன் ஆபீஸ்ல கேட்டுப் பாரேன்" என்பான். "உன் ஆபீஸ்ல கேட்டியா?" என்பேன். "நான் கேட்டா, ஏன் ஒய்ஃப் இல்லையான்னு கேப்பாங்க." "நான் கேட்டா, ஏன் ஹஸ்பெண்ட் இல்லையான்னு கேக்க மாட்டாங்களா?" "கேக்க மாட்டாங்கல்ல." அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும், தட்டைக் கழுவப் போய்விடுவோம். காலையில் கேப் வந்து ஹாரன் அடிக்கும். ஏறி உட்கார்ந்தால் மேடவாக்கம் சிக்னலைத் தாண்டுவதற்குள், மழமழவென்று ஷேவ் பண்ணிக்கொண்டு கூட ஏறின ஆபீஸ்காரப் பையனுக்குத் தாடி அரும்பிவிடும். அப்பா கேட்டிருந்தால் அந்தத் தாடிக்கு சிக்னல் முடிவதற்குள் நரையும் வரவழைத்திருப்பார். அப்பா ஊரறிந்த புளுகர். கோவில்பட்டி ஸ்டேஷனில் ஒருத்தன் கொட்டாவி விட்டானாம். அதைப் பார்த்து டிக்கெட் பரிசோதகர் விட்டாராம், அவரைப் பார்த்து கார்டு, கார்டைப் பார்த்து பெட்டி பெட்டியாக சனம். அந்தக் கொட்டாவி நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுக்காமலேயே பயணம் பண்ணி, விடியற்காலம் எழும்பூரில் இறங்கி, போர்ட்டர் வாயில் ஏறிக்கொண்டதாம். "மனுச உடம்பு ஒண்ணையொண்ணு பாத்துத்தாம்மா செண்பகம் நடக்கும்" என்று முடிப்பார். செண்பகம். செண்பகவல்லி. கோவில்பட்டிக் கோயில் அம்மன் பெயர். இங்கே ஆபீசில் ஷென். ஷென் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவள் ஒருத்தி, ராசா என்று கூப்பிடுகிறவள் இன்னொருத்தி. இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி முகம் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டார்கள், பாலாற்றில் வைத்து.

எல்லார் கண்ணும் இன்னும் என் மேல்தான். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்குமா? எனக்கென்னவோ இதற்குள் அகரன் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி முடித்து, இதே மாதிரி ஒரு அறையில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. மன்னிப்புக் கேட்கலாமா? என்னவென்று கேட்பது? சாரி சார், நான் உங்களை என் மகன் என்று நினைத்துவிட்டேன். சாரி சார், நீங்கள் ம்யூட்டில் இருப்பதாக நினைத்துவிட்டேன். இல்லை, நான் ம்யூட்டில். சாரி சார், உங்கள் கால். காலைப் பற்றிப் பேசவே கூடாது. மயக்கம் போட்டு விழுந்துவிடலாம். சின்ன வயதில் பரீட்சை அன்றைக்கு விழுந்திருக்கிறேன், அப்பா சோடா வாங்கித் தந்தார். இங்கே விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவார்கள், போகிற வழியில் வருகைக் கார்டைத் தேய்க்காததால் அரை நாள் சம்பளம் போய்விடும். அவர் முகம் சிவந்திருக்கிறதா? சிவந்துதான் இருக்கிறது. கன்னத்திலிருந்து காது வரைக்கும். நரைமுடி முளைத்த காது. அவர் கையில் இருக்கிற பெரிய எவர்சில்வர் பாட்டில், அதிலிருந்து அவர் மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டேதான் பேசினார், சர்க்கரை வியாதிக்காரர் என்று ஜெபா சொல்லியிருக்கிறாள். இதோ, வாயை மூடுகிறார். திறக்கிறார். இனிமேல் வருகிற வார்த்தை என்னை வீட்டுக்கு அனுப்பும், எந்த வீடு என்பதுதான் தெரியவில்லை.

"வருது" என்றார் சத்தியசீலன் சார்.

அவ்வளவுதான். அவர் குரலே இல்லை அது. ஐம்பது வருஷத்துக்கு முந்தின ஒரு குரல். "ரொம்ப நேரமா வருது" என்று அதே குரலில் சேர்த்துச் சொன்னார். பாட்டிலை மேஜையில் வைத்தார். கதவைத் திறந்தார். போய்விட்டார். ஓடவில்லை, ஆனால் ஓட்டத்தை அடக்கிக்கொண்டு நடக்கிற நடை.

கதவு மூடினதும் அறை வெடித்துவிடும் என்று நினைத்தேன். வெடிக்கவில்லை. அதிர்ச்சி அவர்களுக்கும்தான். கடைசி நாற்காலியில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து மாதிரி "அம்மாடி" என்றார்கள். ஜெபா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஏ பிள்ள, அவரையா கேட்ட?" என்றாள்.

"எம்பையன."

"பையன் எங்க இருக்கான்?"

முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். கையை மேஜைக்கு மேலே கொண்டுவந்து போனைக் காட்டினேன். கோடு சிவப்பாக இருந்தது. காதுக்குள் மிஸ், "சரி, கால்சட்டையப் போட்டுக்க கண்ணு, அம்மா அப்புறம் பேசுவாங்க" என்கிறார். போட்டுக்கொண்டான் என்றால் போச்சு, இனி என்னிடம் வருகிற வரைக்கும் அடக்கிவிடுவான், நான் சிக்னல் சிக்னலாகத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் அந்த வயிறு என்ன ஆகும்? வெளியே ஓடலாம், கதவை இப்போது யாரும் அடைத்துக்கொண்டு நிற்கவில்லை, ஆனால் அதற்கு நேரம் இல்லை. கோட்டை எடுத்தேன். டக். அத்தனை பேர் நடுவில், மேஜையில் போனை வைத்து, குனிந்து சொன்னேன்.

"அகரா. அம்மாடா. சூச்சூ வருதா? போயிரு ராசா."

ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. யோசிக்கிறான். அம்மாவின் குரல்தான், ஆனால் எங்கேயோ இடிக்கிறது. சுருதி குறைகிறது. அது என்னவென்று எனக்குத் தெரியும். இங்கே, இந்த அறையில், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதைச் செய்ய வேண்டுமா? செய்தேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்."

மூச்சு தீர்ந்துவிட்டது. மறுபடி இழுத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் பக்கத்தில் ஒரு ஸ்ஸ்ஸ் கேட்டது. ஜெபா. அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், என்னைவிட நல்ல சுதி. அப்புறம் மூலையிலிருந்து தாடிக்கார டெஸ்டர், யாரிடமும் பேசாத மனுஷன், போன வருஷம்தான் இரட்டைப் பிள்ளை பிறந்தது, கண்ணை மூடிக்கொண்டு ஸ்ஸ்ஸ். அவருக்கு அடுத்தவர். அவருக்கு அடுத்தவர். அப்பாவின் கொட்டாவி பெட்டி பெட்டியாக ஏறுகிறது. கல்யாணமே ஆகாத ஒரு பையன் கூட உதட்டைக் குவித்தான். கோட் எழுதிப் பிழைக்கிற அத்தனை பேரும் சேர்ந்து, ஒரு பெரிய பிரஷர் குக்கர் அடங்குகிற மாதிரி. சாகிற வரைக்கும் நான் இதைச் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, அப்பாவின் மகள்தானே என்பார்கள்.

காதுக்குள் முதலில் ஒரு சொட்டு. அப்புறம் நின்றது. அப்புறம் வந்தது. பீங்கானில் பட்டு, தயங்கி, பிறகு தயக்கமே இல்லாமல், காலையிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையும். போய்க்கொண்டே இருந்தது. மிஸ் "ஏசப்பா" என்றார். கையைத் தூக்கி எல்லாரிடமும் காட்டினேன், வருது, வருது என்று. பாலாற்றில் தண்ணி வந்துவிட்டது. ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தக் கூடாது என்பது பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் கதவு திறந்தது. ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, டைரக்டர் முகத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சத்தியசீலன் சார் உள்ளே கால் வைத்தார். "ஸோ, நெக்ஸ்ட்" என்று வாயெடுத்தார். அறை முழுக்க ஸ்ஸ்ஸ்ஸ்ஸ். நின்றார். கேட்டார். முட்டியும் முட்டியும் மெதுவாக ஒன்றையொன்று தேடிப் போவதை நான் பார்த்தேன்.

"அடப் பாவிகளா" என்றார். "இந்த அம்மாவ மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்கப்பா!"

திரும்பிவிட்டார். இந்த முறை நடை இல்லை, ஓட்டம்தான். ஷூ சத்தம் வராந்தா முழுக்க.

ஸ்ஸ்ஸ் ஒவ்வொன்றாக அணைந்தது. வீட்டுக்கு அனுப்புங்கப்பா. ஜெபா என்னைப் பார்த்தாள், நான் ஜெபாவைப் பார்த்தேன். தாடிக்காரர் சீலிங்கைப் பார்த்தார். எந்த வீட்டுக்கு? லேப்டாப்போடு அனுப்புகிற வீட்டுக்கா, அதைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிற வீட்டுக்கா? சொன்னவருக்கே தெரிந்திருக்காது. பயமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அடிவயிற்றில் ஏதோ ஒன்று இளகி, காலையிலிருந்து நானும் எதையோ அடக்கிக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

காதுக்குள் ஆறு வடிந்து, சொட்டி, நின்றது. ஃப்ளஷ் சத்தம். பக்கெட் நகர்கிற சத்தம். அப்புறம் அவன், போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு, வீட்டில் பேசினிலிருந்து எழுந்ததும் எப்போதும் சொல்கிற அதே பெருந்தன்மையோடு சொன்னான்:

"முடிஞ்சிருச்சும்மா. இனிமே நீ ஆபீஸ்ல பேசு."

இயர்பட்டைக் கழற்றி மேஜையில், அவருடைய பெரிய பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுந்து நின்றேன். கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வரட்டும்.